காருக்கு ஒரு கூரை: அனுமதி யாரிடம், எதற்காக?

மழைக்காலம் நெருங்கும்போது மாஹிம், மாதுங்கா, செம்பூர் பகுதி வாடிக்கையாளர்கள் வீட்டுக்கடன் பிரிவில் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று: “காரை வெயிலிலும் மழையிலும் விட முடியவில்லை. கட்டடத்தை ஒட்டி ஒரு கூரை போட்டு, இரண்டு பக்கம் சுவர் எழுப்பிக் கொள்ளலாமா? இதற்கெல்லாம் மாநகராட்சியின் அனுமதி வேண்டுமா? வீட்டைச் செப்பனிடுவதற்கான கடனில் இந்தச் செலவையும் சேர்த்துக் கொள்ளலாமா?”

சுருக்கமான விடை இதுதான். மும்பை மாநகர எல்லைக்குள் காருக்காகக் கூரையும் சுவரும் உள்ள நிலையான அமைப்பை எழுப்பவும், இருக்கும் கொட்டகையை நீட்டவும், கொட்டகையை அறையாகவோ கடையாகவோ மாற்றவும் முன்அனுமதி வேண்டும். அதுவும் ஓர் அனுமதி மட்டும் போதாது. இடத்தின் உரிமையாளர், மாநகராட்சி, வீடு அடமானத்தில் இருந்தால் கடன் கொடுத்த வங்கி ஆகிய மூன்று தரப்பும் தனித்தனியே இசைய வேண்டும். ஒருவரது இசைவு மற்றவரது இசைவுக்கு ஈடாகாது. இந்த ஒன்றைத் தெளிவாக மனத்திற் கொள்ளாததால்தான் பல குடும்பங்கள் பின்னாளில், வீட்டை விற்கும்போதோ கட்டடம் மறுமேம்பாட்டுக்குச் செல்லும்போதோ, எதிர்பாராத இழப்பைச் சந்திக்கின்றன. ஏன் இப்படி என்பதை ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

இடம் யாருடையது?

அனுமதியைப் பற்றி எண்ணுவதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி இது. தமக்கென ஒதுக்கப்பட்ட கார் நிறுத்துமிடம் தமக்கே சொந்தம் என்று பலரும் கருதுகின்றனர். அடுக்குமாடிக் குடியிருப்பைப் பொறுத்தவரை இக்கருத்து பெரும்பாலும் சரியன்று.

இதற்கான முக்கியத் தீர்ப்பு நம் மும்பையிலேயே எழுந்த வழக்கில் கிடைத்தது. தஹிசர் கிழக்கிலுள்ள பாஞ்சாலி கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கத்துக்கும், அக்கட்டடங்களை எழுப்பிய நஹல்சந்த் லாலுசந்த் நிறுவனத்துக்கும் இடையே கார் நிறுத்துமிடங்களைப் பற்றிய வழக்கு நடந்தது. ஸ்டில்ட் எனப்படும், தூண்களுக்கு இடையே திறந்தபடி விடப்பட்ட தரைத்தளத்திலுள்ள நிறுத்துமிடங்களைத் தனியே விற்கும் உரிமை தமக்கு உண்டு என்பது கட்டுமான நிறுவனத்தின் வாதம். நகர உரிமையியல் நீதிமன்றமும் மும்பை உயர் நீதிமன்றமும் அதை ஏற்கவில்லை. 2010 ஆகஸ்ட் 31 அன்று உச்ச நீதிமன்றமும் அதே முடிவை உறுதி செய்தது. ஸ்டில்ட் நிறுத்துமிடம் மகாராஷ்டிர அடுக்குமாடி உரிமைச் சட்டம் கூறும் ‘கராஜ்’ ஆகாது; அது கட்டடத்தின் பொது இடங்களில் ஒன்று; அதனைத் தனியே விற்க இயலாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பின்னர் வந்த 2016ஆம் ஆண்டின் மனைவணிக ஒழுங்குமுறைச் சட்டம், அதாவது ரேரா, ‘கராஜ்’ என்பதற்கு நேரடியாகவே இலக்கணம் வகுத்தது. கூரையும் மூன்று பக்கச் சுவர்களும் உடைய நிறுத்துமிடமே கராஜ். சுவரில்லாததும் கூரையில்லாததும் ஆகிய திறந்த நிறுத்துமிடங்கள் அதில் அடங்கா. திறந்த நிறுத்துமிடங்களை அச்சட்டம் பொது இடங்களின் பட்டியலில் வைக்கிறது.

இதனால் விளைவது என்ன? சொசைட்டி உங்களுக்கு ஒதுக்கிய நிறுத்துமிடத்தில் காரை நிறுத்தும் உரிமை மட்டுமே உங்களுக்கு உண்டு. அந்த நிலத்தில் எதையும் கட்டும் உரிமை இல்லை. அதில் மூன்று பக்கச் சுவர் எழுப்பிவிட்டால் அது ‘கராஜ்’ ஆகி உங்கள் சொத்தாகிவிடும் என்று சிலர் எண்ணுவதுண்டு. உண்மை அதற்கு மாறானது. பொது இடத்தில் ஒரு உறுப்பினர் தனியே எழுப்பிய அமைப்பு என்றே அது கருதப்படும்.

மாநகராட்சிக்கு அனுப்பும் விண்ணப்பமும் நிலத்தின் உரிமையாளர் பெயரிலேயே செல்ல வேண்டும். சங்கத்துக்கு நிலம் மாற்றித் தரப்பட்டிருந்தால் அவ்வுரிமையாளர் சங்கமே. ஆகவே பொதுப்பேரவையின் தீர்மானமின்றி, தனி உறுப்பினர் ஒருவர் கட்டடக் கலைஞரை அணுகி வரைபடம் தயாரித்துப் பயனில்லை. செயலாளர் வாய்மொழியாகச் சொல்லும் “பரவாயில்லை, போட்டுக் கொள்ளுங்கள்” என்பது தீர்மானமாகாது.

எது பழுதுபார்ப்பு, எது கட்டுமானம்?

மும்பையில் கட்டுமானத்தை இரண்டு சட்டங்கள் ஆள்கின்றன. ஒன்று, 1966ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வட்டார மற்றும் நகரத் திட்டச் சட்டம். மற்றொன்று, 1888ஆம் ஆண்டின் மும்பை மாநகராட்சிச் சட்டம். முதலாவது நிலத்தின் பயன்பாட்டைப் பார்க்கிறது. இரண்டாவது கட்டடத்தைப் பார்க்கிறது.

நகரத் திட்டச் சட்டத்தில் ‘மேம்பாடு’ என்ற சொல்லின் பொருள் மிக விரிந்தது. நிலத்தின் மீதோ கீழோ செய்யும் கட்டுமானம் மட்டுமன்றி, கட்டடத்தின் பயன்பாட்டில் செய்யும் கணிசமான மாற்றமும் ‘மேம்பாடு’தான். எனவே சுவரொன்றையும் தொடாமல் பழைய கார் கொட்டகையில் தையற்கடையோ மருத்துவரின் ஆலோசனை அறையோ தொடங்கினாலும் அனுமதி தேவைப்படும். கட்டடத்தின் உட்புறத்தை மட்டும் பாதிக்கும், வெளித்தோற்றத்தைக் கணிசமாக மாற்றாத பராமரிப்புப் பணிகளுக்கு இச்சட்டம் விலக்கு அளிக்கிறது. கார் கொட்டகை கட்டடத்துக்கு வெளியே எழுவது. ஆகவே அந்த விலக்கு அதற்குப் பயன்படாது.

மாநகராட்சிச் சட்டத்தின் 342ஆம் பிரிவு இன்னும் தெளிவானது. கட்டடத்துடன் எதையேனும் சேர்க்க எண்ணுபவர் ஆணையருக்கு முன்கூட்டி அறிவிக்க வேண்டும். குடியிருப்பதற்கு அவசியமான சிறு பழுதுபார்ப்புகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவை எவை என்பதையும் சட்டமே எண்ணிச் சொல்கிறது: பூச்சு வேலை, வண்ணம் பூசுதல், தரை ஓடுகளை மாற்றுதல், கழிப்பறை, குளியலறைப் பழுதுகள், குழாய்கள், மின்சாரப் பொருத்துகள், முன்பிருந்த அதே பொருளைக் கொண்டு கூரையை மாற்றுதல் போன்றவை. நீள அகல உயரங்களை மாற்றுவது, சுமை தாங்கும் சுவரையோ தூணையோ அகற்றுவது, தரையைத் தாழ்த்துவது, பரண் தளம் சேர்ப்பது, கூரையை வேறு பொருளால் அமைப்பது ஆகியவை விலக்கில் அடங்கா.

இந்தப் பட்டியலைக் கொண்டு நம் கேள்வியை அளந்து பார்க்கலாம். முன்னரே அனுமதி பெற்ற கொட்டகையின் சிமெண்டுத் தகடு உடைந்தால், அதே வகைத் தகட்டை மாற்றலாம். அதைக் கான்கிரீட் தளமாக்கினால் அனுமதி தேவை. புதிய கார் நீளமாக இருக்கிறதென்று கொட்டகையை அரை மீட்டர் முன்னே நீட்டினாலும் அனுமதி தேவை. சட்டம் செலவின் அளவையோ நோக்கத்தையோ பார்ப்பதில்லை. அளவு மாறியதா, பொருள் மாறியதா, பயன் மாறியதா என்பதையே பார்க்கிறது.

மழைக்காலத்துக்கென்று கட்டப்படும் தற்காலிகக் கூரைக்கு வார்டு அலுவலகம் அனுமதி தருவதுண்டு. அதுவும் விண்ணப்பித்துப் பெற வேண்டியதே. பருவம் முடிந்ததும் பிரித்துவிட வேண்டும். அக்டோபருக்குப் பின்னும் நிற்கும் ‘தற்காலிக’ கூரை, அனுமதியற்ற கட்டுமானமாகிவிடும்.

அரை மீட்டருக்கு இத்தனை கண்டிப்பு ஏன்?

கண்டிப்பின் காரணத்தை அறிந்தால் விதியைப் பின்பற்றுவது எளிது. ஒரு மனையில் எவ்வளவு கட்டலாம் என்பதைத் தளப் பரப்புக் குறியீடு, அதாவது எஃப்.எஸ்.ஐ., தீர்மானிக்கிறது. மாஹிம், மாதுங்கா, தாதர் ஆகியவை அடங்கிய தீவுநகரப் பகுதிக்கு அடிப்படைக் குறியீடு 1.33. 2018இல் நடைமுறைக்கு வந்த, 2034 வரைக்குமான மேம்பாட்டுக் கட்டுப்பாட்டு விதிகளிலும் இதுவே தொடர்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. மனை 400 சதுர மீட்டர் என்று கொள்வோம். அடிப்படைக் குறியீட்டின்படி அதில் 532 சதுர மீட்டர் கட்டலாம். கட்டடம் ஏற்கெனவே அந்த அளவை எட்டியிருந்தால் மிச்சம் ஏதுமில்லை. 2.5 மீட்டர் அகலமும் 5.5 மீட்டர் நீளமும் கொண்ட ஒரு கார் இடத்துக்கு 13.75 சதுர மீட்டர் வேண்டும். பிரீமியம் செலுத்திக் கூடுதல் பரப்பைப் பெறும் வழிகள் விதிகளில் இருக்கின்றன. ஆனால் அவை மனை முழுவதற்கும் உரியவை. தனி ஒருவருக்கு உரியவை அல்ல. பழைய மாஹிம் கட்டடங்கள் பலவும் இன்றைய குறியீட்டுக்கு மேலேயே கட்டப்பட்டவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

விதிகள் கேட்கும் அளவுக்குக் கார் நிறுத்துமிடம் அமைத்தால் அந்தப் பரப்பு குறியீட்டுக் கணக்கில் சேராது. இது காருக்காகத் தரப்படும் சலுகை. அதே இடத்தைச் சுவரெழுப்பி அறையாக்கினால் சலுகை போய்விடும். பரப்பு கணக்கில் ஏறும். கூடவே கட்டடத்துக்கு ஒரு கார் இடம் குறைந்தும் போகும். ஒரே சுவரால் இரண்டு விதிகள் மீறப்படுகின்றன.

கட்டடத்தைச் சுற்றி விடப்படும் திறந்த வெளிக்கும் பொருள் உண்டு. தீயணைப்பு வண்டி உள்ளே வருவதும், கீழ்த்தள வீடுகளுக்குக் காற்றும் வெளிச்சமும் கிடைப்பதும், மழைநீர் ஓடி வடிவதும் அவ்வெளியால்தான். 2005 ஜூலை 26 அன்று சாந்தாகுரூஸில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியதை மும்பை மறக்கவில்லை. அன்று பெருகிய மிட்டி ஆறு மாஹிம் கழியில்தான் கடலைச் சேர்கிறது. அந்த ஆற்றின் கடைவாயிலில் வாழும் நமக்கு, நீர் வடிய இடம் விடுவது வெறும் சட்டக் கடமை மட்டுமன்று.

இன்னொரு காரணம் உயிர் தொடர்பானது. 2017 ஜூலை 25 அன்று காட்கோபரில் ஒரு குடியிருப்புக் கட்டடம் சரிந்து 17 பேர் இறந்தனர். தரைத்தளத்தில் செய்யப்பட்ட மாற்றப் பணிகள் கட்டடத்தைப் பலவீனப்படுத்தின என்ற குற்றச்சாட்டு அப்போது எழுந்தது. தூண்களின் இடையே சுவர் எழுப்புவதும், கார் திரும்ப வசதியாகத் தூணின் ஓரத்தைச் செதுக்குவதும், கூரையின் இரும்புச் சட்டத்தைக் கட்டடத்தின் உத்திரத்தில் துளையிட்டுப் பொருத்துவதும் சிறிய வேலைகளாகவே தோன்றும். மேலே வாழும் குடும்பங்களின் எடை அந்தத் தூண்களில்தான் நிற்கிறது. கட்டமைப்புப் பொறியாளரின் கையெழுத்தை மாநகராட்சி கேட்பது இதனால்தான்.

மாஹிமுக்கே உரிய சில சிக்கல்கள்

மாஹிமின் வீடுகள் ஒரே வகையானவை அல்ல. ஆகவே விடையும் வீட்டுக்கு வீடு மாறும்.

வாடகைச் சட்டப் பாதுகாப்பில் ‘பகடி’ முறையில் வாழ்வோர் பலர் இங்குண்டு. 1999ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வீட்டுச் சொந்தக்காரரின் எழுத்துமூல இசைவின்றி நிலையான அமைப்பை எழுப்புவதை, குடியிருப்பவரை வெளியேற்றுவதற்கான காரணங்களுள் ஒன்றாகச் சொல்கிறது. மரத் தடுப்பு, சமையல் மேடை, குளிர்சாதனப் பெட்டி பொருத்துதல் போன்றவற்றுக்கு அதில் விலக்கு உண்டு. கார் கொட்டகைக்கு இல்லை. காருக்காக ஒரு கூரை போடப்போய்த் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த வீட்டையே வழக்கில் வைக்கும் நிலை வரக்கூடாது.

1969 செப்டம்பருக்கு முன் கட்டப்பட்ட வாடகைக் கட்டடங்களில் பெரும்பாலானவை பழுதுபார்ப்பு வரி செலுத்தும் ‘செஸ்’ கட்டடங்கள். இவற்றின் பழுதுபார்ப்பையும் மறுகட்டுமானத்தையும் ம்ஹாடா அமைப்பின் கீழுள்ள வாரியம் கவனிக்கிறது. இத்தகைய கட்டடங்களில் பணி தொடங்குமுன் அந்த வாரியத்தையும் அணுக வேண்டியிருக்கும்.

கடற்கரையையும் கழியையும் ஒட்டிய மனைகள் கடற்கரை ஒழுங்குமுறை மண்டலத்தில் அடங்கலாம். 1991இல் முதலில் வந்து, 2011இலும் 2019இலும் மாற்றி வெளியிடப்பட்ட அந்த அறிவிக்கையின் வரம்புகள் மாநகராட்சியின் விதிகளுக்கு மேலாகப் பொருந்துவன. பாரம்பரியப் பட்டியலிலுள்ள கட்டடமாக இருந்தால் பாரம்பரியக் குழுவின் கருத்தும் கேட்கப்படும்.

தாராவி வாசகர்களுக்கு ஒரு சொல். அறிவிக்கப்பட்ட தாராவித் திட்டப் பகுதிக்குத் திட்ட அதிகாரம் குடிசைப்பகுதி மறுவாழ்வு ஆணையத்திடம் உள்ளது. அங்கு பொருந்தும் சட்டமும் வேறு. இக்கட்டுரையில் சொல்லும் நடைமுறையை அங்கே அப்படியே கொள்ள வேண்டாம்.

செம்பூரில் சொந்த மனையில் தனி வீடு உடையோருக்குச் சங்கத்தின் இசைவு என்ற படி இராது. மாநகராட்சியின் அனுமதி அவர்களுக்கும் கட்டாயம். நிலம் நம்முடையதாக இருப்பது, அதில் கட்டும் உரிமையை நமக்குத் தானாகத் தந்துவிடுவதில்லை.

வங்கி இதில் எங்கே வருகிறது?

“என் பணத்தில் கட்டுகிறேன், வங்கிக்கு என்ன?” என்று கேட்கப்படுவதுண்டு. கேள்வியில் நியாயம் இருப்பதுபோல் தோன்றினாலும், வீடு அடமானத்தில் இருக்கும்வரை அதன் நிலையில் வங்கிக்கும் அக்கறை உண்டு. கட்டமைப்பில் மாற்றம் செய்யுமுன் எழுத்துமூல இசைவு பெற வேண்டும் என்ற நிபந்தனை அடமானப் பத்திரங்களில் வழக்கமாக இடம்பெறும். உங்கள் பத்திரத்தை ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.

நாம் எழுத்துமூல ஆவணங்களைக் கேட்பது நம் விருப்பத்தால் மட்டுமன்று. தில்லி உயர் நீதிமன்றத்தில் நடந்த ஒரு பொதுநல வழக்கைத் தொடர்ந்து 2006 நவம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளுக்கும் அறிவுரை வழங்கியது. சொந்த மனையில் வீடு கட்டக் கடன் கேட்பவரிடமிருந்து, அவர் பெயரில் அனுமதிக்கப்பட்ட வரைபடத்தின் நகலைப் பெற வேண்டும். வரைபடத்தை மீறமாட்டேன் என்ற உறுதிமொழிப் பத்திரத்தையும் பெற வேண்டும். கட்டுமானம் முடிந்த 3 மாதங்களுக்குள் பணி நிறைவுச் சான்றிதழ் பெறுவது கடன் பெற்றவரின் பொறுப்பு. தவறினால் கடன் முழுவதையும் வட்டியுடன் திரும்பக் கேட்கும் அதிகாரம் வங்கிக்கு உண்டு. பணி வரைபடப்படி நடக்கிறதா என்பதை வங்கி அமர்த்தும் கட்டடக் கலைஞர் பல கட்டங்களில் சான்றளிக்க வேண்டும்.

2024 டிசம்பர் 17 அன்று மீரட் நகரின் கட்டடமொன்று பற்றிய வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மேலும் வலியுறுத்தியது. கட்டடத்தை ஈடாகக் கொண்டு கடன் வழங்கும் வங்கிகள், பணி நிறைவுச் சான்றிதழையோ குடியேற்றச் சான்றிதழையோ சரிபார்த்த பின்னரே கடன் வழங்க வேண்டும் என்றும், நீண்ட காலம் கடந்துவிட்டது என்பதோ பெரும் பணம் செலவாகிவிட்டது என்பதோ அனுமதியற்ற கட்டுமானத்தைக் காப்பாற்றாது என்றும் அத்தீர்ப்பு கூறுகிறது.

இதன் நடைமுறை விளைவு உங்கள் வீட்டின் விலையில் தெரியும். வீட்டை விற்கும்போது, வாங்குபவரின் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் அனுமதி பெற்ற வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டே அளப்பார். வரைபடத்தில் இல்லாத கொட்டகைக்கு மதிப்பு ஏதும் தரமாட்டார். அதைவிட, அந்த முரண்பாட்டைத் தம் அறிக்கையில் குறித்துவிடுவார். அதன்பின் முழு வீட்டுக்குமான கடனே தாமதப்படலாம். மறுமேம்பாட்டிலும் புதிய வீட்டின் பரப்பைத் தீர்மானிக்கப் பொதுவாக அனுமதிக்கப்பட்ட பரப்பே கணக்கில் வரும். சில இலட்சம் செலவிட்டு எழுப்பிய சுவருக்கு அன்று ஒரு சதுர அடிகூடக் கிடைக்காது.

அனுமதி பெறும் வழி

முதலில் ஆவணங்களைத் திரட்டுங்கள். மாநகராட்சி அங்கீகரித்த கடைசி வரைபடம், குடியேற்றச் சான்றிதழ், சொத்து அட்டை, சங்கத்தின் பங்குச் சான்றிதழ், நிறுத்துமிட ஒதுக்கீட்டுக் கடிதம் ஆகியவை வேண்டும். பல நேரங்களில், நீட்ட விரும்பும் கொட்டகையே பழைய வரைபடத்தில் இல்லை என்பது இந்தக் கட்டத்திலேயே தெரிந்துவிடும்.

இரண்டாவதாக, சங்கத்துக்கு எழுத்துமூலம் விண்ணப்பித்துப் பொதுப்பேரவையின் தீர்மானத்தைப் பெறுங்கள். ஒருவருக்காக அன்றி, எல்லாக் கார்களுக்குமான ஒரே கூரையாகத் திட்டமிட்டால் உறுப்பினர் ஆதரவும் கிடைக்கும், செலவும் பங்கிடப்படும்.

மூன்றாவதாக, உரிமம் பெற்ற கட்டடக் கலைஞர் அல்லது அளவையாளரையும், கட்டமைப்புப் பொறியாளரையும் அமர்த்துங்கள். திறந்த வெளி எவ்வளவு மிஞ்சும், குறியீட்டில் இடமுண்டா, கடற்கரை மண்டலம் குறுக்கிடுமா என்பதை அவர்களே முதலில் கூற வேண்டும். “முடியாது” என்ற விடை வருமானால், அது கட்டுவதற்கு முன் வருவதே நல்லது.

நான்காவதாக, கடன் நிலுவையில் இருந்தால் வரைபடத்தின் நகலுடன் கிளையை அணுகி எழுத்துமூல இசைவு பெறுங்கள். கூடுதல் கடன் தேவையானால் அதே வேளையில் விண்ணப்பிக்கலாம். அனுமதி கைக்கு வந்தபின் தொகை வழங்கப்படும்.

ஐந்தாவதாக, மாநகராட்சியிடம் விண்ணப்பம். நகரத் திட்டச் சட்டத்தின் 44ஆம் பிரிவின்கீழ் விண்ணப்பித்து 60 நாட்களுக்குள் முடிவு தெரிவிக்கப்படாவிட்டால் அனுமதி கிடைத்ததாகக் கருதப்படும் என்று சட்டம் சொல்வது உண்மையே. ஆனால் விதிகளுக்கு இணங்கிய திட்டத்துக்கு மட்டுமே அது பொருந்தும். “60 நாள் கடந்துவிட்டது” என்று ஒப்பந்தக்காரர் சொன்னால், அதை மட்டும் நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். அனுமதி ஓராண்டுக்குச் செல்லும். அதற்குள் தொடங்காவிட்டால் நீட்டிப்புக் கோர வேண்டும்.

இறுதியாக, பணி முடிந்தபின் நிறைவுச் சான்றிதழைப் பெற்று, ஒரு நகலைச் சங்கத்துக்கும் மற்றொன்றை நம் கிளைக்கும் கொடுங்கள். பலரும் விட்டுவிடும் படி இதுவே. அனுமதி வாங்கிக் கட்டி, சான்றிதழ் வாங்காமல் விட்டால், ஆவணங்களின் பார்வையில் பணி முடியாமலே நிற்கும்.

ஏற்கெனவே கட்டியாகிவிட்டால்?

வீட்டை வாங்கும்போதே கொட்டகை இருந்திருக்கலாம். அதற்குச் சொத்துவரியும் செலுத்தி வரலாம். ஆனால் வரி ரசீது அனுமதியாகாது. அனுமதியற்ற கட்டுமானத்துக்கு வரி வசூலிப்பதால் அது முறைப்படுத்தப்பட்டதாகக் கொள்ளக்கூடாது என்று சட்டமே சொல்கிறது.

மாநகராட்சிச் சட்டத்தின் 351ஆம் பிரிவின்கீழோ நகரத் திட்டச் சட்டத்தின் 53ஆம் பிரிவின்கீழோ அறிவிப்பு வந்தால், அதை ஒதுக்கி வைத்துவிட வேண்டாம். விதிகளுக்குள் அடங்கக்கூடிய அமைப்பாக இருந்தால், அதைத் தக்கவைக்க அனுமதி கோரி விண்ணப்பிக்க 53ஆம் பிரிவே வழி தருகிறது. குறித்த காலத்துக்குள் விண்ணப்பிப்பது முக்கியம். அனுமதியின்றிக் கட்டுவது 3 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம் என்று 52ஆம் பிரிவு கூறுவதையும் மறக்கலாகாது.

2024 நவம்பர் 13 அன்று உச்ச நீதிமன்றம், முன்னறிவிப்பும் குறைந்தது 15 நாள் அவகாசமும் நேரில் விளக்கம் கேட்டலும் இன்றி எந்தக் கட்டடத்தையும் இடிக்கக்கூடாது என்று வழிமுறைகளை வகுத்தது. சாலை, நடைபாதை போன்ற பொது இடங்களிலுள்ள அனுமதியற்ற அமைப்புகளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. மதிலைத் தாண்டி நடைபாதை மீது நீண்டிருக்கும் கூரைக்கு இது பொருந்தும் என்பதைக் கவனியுங்கள்.

முறைப்படுத்தவே முடியாத அமைப்பானால், தாமே அகற்றிவிடுவது செலவு குறைந்த வழி. வொர்லியின் கேம்பா கோலா வளாகத்தில், அனுமதித்ததைவிடப் பல மாடிகள் கூடுதலாக எழுப்பப்பட்ட கட்டடங்களைப் பற்றி 2013 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் இரக்கம் காட்ட மறுத்தது. அங்கு வீடு வாங்கிய குடும்பங்கள் கால் நூற்றாண்டாக அங்கே வாழ்ந்தவை. ஒரு கார் கொட்டகை அவ்வளவு பெரியதன்று. ஆயினும் சட்டத்தின் அளவுகோல் ஒன்றே.

ஊரிலுள்ள வீட்டுக்கும் வெளிநாட்டு வீட்டுக்கும்

திருநெல்வேலியிலோ தூத்துக்குடியிலோ பூர்வீக வீடு உடைய வாடிக்கையாளர்கள், அங்கே மும்பையின் விதிகள் பொருந்தாது என்பதை நினைவிற் கொள்ள வேண்டும். தமிழ்நாட்டில் 2019ஆம் ஆண்டின் ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் நடைமுறையில் உள்ளன. 2024 ஜூலை முதல், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்குச் சுயசான்று முறையில் இணையவழியே உடனடி அனுமதி பெறும் வசதி வந்துள்ளது. எளிமையானது என்பதால் அனுமதியே தேவையில்லை என்று பொருளன்று.

இலண்டனில் வாழும் பிள்ளைகள் “இங்கே கராஜ் கட்ட அனுமதி வேண்டாம்” என்று சொல்லக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தில் தனி வீடுகளுக்கு அத்தகைய சலுகை உண்டு. வேலியிலிருந்து 2 மீட்டருக்குள் கட்டினால் உயரம் 2.5 மீட்டரைத் தாண்டக்கூடாது, வீட்டைச் சுற்றியுள்ள நிலத்தில் பாதிக்கு மேல் மூடக்கூடாது என்பன போன்ற வரம்புகளுடன். அடுக்குமாடி வீடுகளுக்கு அங்கும் அச்சலுகை இல்லை. மாஹிமில் நம்மில் பெரும்பாலோர் வாழ்வது அடுக்குமாடியில்தான்.

மாஹிமுக்கும் தாராவிக்கும் உரிய ஜி வடக்கு வார்டு அலுவலகம் தாதர் மேற்கில் உள்ளது. மாதுங்காவினர் எஃப் வடக்கு வார்டையும், செம்பூரில் பெரும்பாலோர் எம் மேற்கு வார்டையும் அணுக வேண்டும். அங்கு செல்வதற்கு முன், கட்டடத்தின் அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தைச் சங்கத்திடமிருந்து கேட்டு வாங்கி, நீங்கள் காரை நிறுத்தும் இடம் அதில் எப்படிக் குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வீட்டுக்கடன் உடையோர் அந்த நகலுடன் கிளைக்கு வந்தால், அடமானப் பத்திரத்தின் நிபந்தனையையும் இசைவு பெறும் முறையையும் நம் அலுவலர்கள் விளக்குவர். கொத்தனாரிடம் முன்பணம் கொடுப்பதற்கு முந்திய வாரமே அதற்கு உரிய காலம்.